காற்றுக்குத் திரும்பாத க்ரேன்

வெயில் ஆரம்பித்ததிலிருந்து அந்த வீட்டில் யாரும் நன்றாகத் தூங்கவில்லை. மூன்றாவது மாடி. அதற்கு மேல் மொட்டைமாடி மட்டும்தான். பகலெல்லாம் வாங்கிய சூட்டைக் கூரை பத்திரமாக வைத்திருந்து, விளக்கை அணைத்துப் படுத்ததும் தலையில் இறக்கியது. குழாயைத் திறந்தால் வெந்நீர் வந்தது. மின்விசிறி இருக்கிற அனலைக் கிளறிவிட்டதோடு தன் கடமை முடிந்ததென்று சுற்றிக்கொண்டிருந்தது. மாடிக்கு மாடி வீடு தேடி அலைந்தபோது இந்த வீடு மட்டும் ஏன் இத்தனை நாள் காலியாகக் கிடந்தது என்று கேட்கத் தோன்றாத இரண்டு புத்திசாலிகள்தான் அங்கே குடியிருந்த கணவனும் மனைவியும்.

அவன் க்ரேன் ஆபரேட்டர். நாலு தெரு தள்ளி எழும்பிக்கொண்டிருந்த பெரிய கட்டடத்தின் நடுவில் நின்ற மஞ்சள் டவர் க்ரேனை ஓட்டினான். பேச்சில் எப்போதும் ‘என் க்ரேன்’தான், மாமனார் சீதனமாகக் கொடுத்த மாதிரி. அவள் ஒரு பல் டாக்டரின் மருத்துவமனையில் வரவேற்பில் இருந்தவள். சின்னவன் பிறந்த பிறகு வேலைக்குப் போகவில்லை. பெரியவளுக்கு வயது நாலு, வாய்க்கு நாற்பது. சின்னவன் இப்போதுதான் தவழ்ந்து போய்க் கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாயில் போட ஆரம்பித்திருந்தான்.

அடுக்களையை ஒட்டிய பின்பக்க பால்கனியில் நின்றால் க்ரேன் தெரியும். இந்த வெயில் காலத்தின் முதல் புயல் அடித்த சாயங்காலம், அந்த க்ரேனின் நீளக் கை ஆளில்லாமல் தானாகச் சுற்றுவதை அங்கே நின்றுதான் பார்த்தாள். அவன் அதற்குள் இருப்பதாக நினைத்து அலறிவிட்டாள். பெரியவள் மட்டும் க்ரேன் தட்டாமாலை சுற்றுகிறது என்று கைதட்டிக் குதித்தாள். அவன் வீடு வந்து சேர்ந்ததும் அழுதுகொண்டே திட்டினாள். அவன் சிரித்துவிட்டு, ஒரு சாப்பாட்டுத் தட்டையும் கரண்டியையும் வைத்து விளக்கினான். வேலை முடித்து இறங்கும்போது கொக்கியை மேலே ஏற்றிவிட்டு, அந்தக் கையைத் திருப்பும் பிரேக்கையும் எடுத்துவிட வேண்டும். அப்படி விட்டால் காற்று அடிக்கும்போது அது தானாகச் சுற்றி, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். பிரேக் போட்டுப் பிடித்துவைத்தால் அத்தனை காற்றையும் விலாவில் வாங்கி அடியோடு சாய்ந்துவிடும்.

“அது தானா சுத்துதுன்னா நான் இறங்கிட்டேன்னு அர்த்தம். புயல்ல அது சுத்தாம நின்னாதான் நீ பயப்படணும்” என்றான்.

அதன்பிறகு ஒவ்வொரு புயலுக்கும் அவள் பால்கனிக்குப் போய்ப் பார்த்தாள். சுற்றியது. நிம்மதியாக வந்து ஜன்னல்களைச் சாத்தினாள்.

ஆனால் வெயிலைக் கண்டு அவளுக்கிருந்த பயம் வேறு. வெயில் தொடங்கிய புதிதில் ஒரு நாள் சின்னவனுக்குக் காய்ச்சல் கண்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண் மேலே செருகி, கை கால் வெட்டி இழுத்து, உதடு நீலமாகிவிட்டது. கணவனுக்குப் போன் போட்டாள், போட்டாள், போட்டுக்கொண்டே இருந்தாள். க்ரேனில் ஏறுகிறவர்கள் போனைக் கீழே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும் என்பது அங்கே சட்டம். பெரியவளைக் கீழ்வீட்டு அக்காவிடம் தள்ளிவிட்டு, குழந்தையை அள்ளிக்கொண்டு தனியாக ஓடினாள். காய்ச்சல் ஏறினால் சில குழந்தைகளுக்கு இப்படி வரும், உடம்பு சூடாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சாதாரணமாகச் சொல்லி அனுப்பினார். அவளுக்கு அது சாதாரணமாக இல்லை. அன்றிலிருந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அவனுக்கும் உள்ளூர ஆட்டம் கண்டுவிட்டது. யோசித்து அவன்தான் ஒரு வழி சொன்னான். க்ரேனின் உச்சியில் அவன் உட்காரும் கேபினிலிருந்து பார்த்தால் அவர்கள் பால்கனி அவனுக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் ஒரு கெட்டிச் சிவப்புப் போர்வை இருந்தது. சின்னவனுக்கு மறுபடி அந்த மாதிரி வந்தால் அதைப் பால்கனியில் தொங்கவிட வேண்டும். அவன் இருந்தது இருந்தபடி இறங்கி ஓடி வருவான். போர்வையை மடித்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அது அங்கே இருப்பதே அவளுக்குப் பாதி தைரியம்.

சம்பவம் நடந்த அன்று காலையிலிருந்தே காற்று பெயருக்குக்கூட இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. தெருவில் ஈ காக்கை இல்லை. இந்த மாதிரி நாட்களில் மத்தியானம் கொஞ்ச நேரம் கட்டட வேலையை நிறுத்தி, எல்லோரையும் தகரக் கொட்டகைகளில் படுக்கவிடுவார்கள். அவனும் இறங்கி வந்து, சிக்னல் அண்ணன் கொட்டகையில் சாப்பிட்டுப் படுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். சிக்னல் அண்ணன் கீழே நின்று வாக்கிடாக்கியில் அவனுக்கு வழி சொல்கிறவர். மனைவி, மூன்று வயது மகளோடு அங்கேயே ஒரு கொட்டகையில் குடியிருந்தார். பெரியவளுக்குச் சின்னதாகிப் போன சட்டைகளையெல்லாம் அந்தப் பெண்தான் போட்டுக்கொண்டிருந்தது.

சின்னவனின் உடம்பு தொட்டால் சுட்டது. வெப்பமானியை வைத்துப் பார்த்தாள், காய்ச்சல் இல்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி வைத்துப் பார்த்தாள். போர்வைகளை நனைத்துப் பால்கனிக் கம்பியில் குறுக்கே கட்டிவிட்டால் உள்ளே வருகிற அனல் கொஞ்சமாவது குளிரும் என்று, பூப்போட்டதை நனைத்துக் கட்டினாள். கோடு போட்டதைக் கட்டினாள். பழைய துணிகளைக் கட்டினாள். கட்டித் திரும்புவதற்குள் முதலில் கட்டியது அப்பளமாகக் காய்ந்திருந்தது. குழந்தை சிணுங்கிக்கொண்டே இருந்தான். அலமாரியின் மேல்தட்டைப் பார்த்தாள். அது கெட்டித் துணி, தண்ணீரைப் பிடித்துவைக்கும். இந்நேரம் அவர் கீழே கொட்டகையில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார், வேலை ஆரம்பிப்பதற்குள் எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, சிவப்புப் போர்வையை வாளியில் முக்கிக் கட்டினாள்.

உண்மையிலேயே குளிர்ந்தது. மின்விசிறி இழுக்க, ஈரத்தின் வழியாக வந்த காற்று சின்னவன் முகத்தில் பட்டதும் அவன் அடங்கித் தூங்கிப்போனான். பெரியவளும் தரையில் சுருண்டுவிட்டாள். தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு அவளும் சுவரில் சாய்ந்தாள். கண் அசந்துவிட்டது.

விழித்தபோது அறை இருட்டியிருந்தது. பால்கனிக்கு ஓடினாள். வானம் ஒரு பக்கம் கருத்து, அடியில் மஞ்சளாக இருந்தது. தெருக்கோடியில் எழும்பிய புழுதி கட்டடங்களை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டு வந்தது. போர்வைகளை வாரி உள்ளே எறிந்தாள்; சிவப்பையும் சேர்த்துத்தான். முதல் காற்று அடித்தது. எங்கோ ஒரு ஜன்னல் கண்ணாடி நொறுங்கியது. பழக்க தோஷத்தில் தலையைத் தூக்கி க்ரேனைப் பார்த்தாள்.

அது சுற்றவில்லை.

இன்னும் காற்று போதவில்லை போலிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த வீச்சில் மொட்டைமாடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தொட்டி பறந்து போயிற்று. அந்த நீளக் கை லேசாக அதிர்ந்தது. திரும்பவில்லை. கொக்கி பாதி உயரத்தில் தொங்கி, மணி நாக்கு மாதிரி இங்குமங்கும் அடித்துக்கொண்டிருந்தது. கொக்கியை ஏற்றவில்லை, பிரேக்கை எடுக்கவில்லை. அப்படியென்றால் அவன் இறங்கவில்லை.

 போனை எடுத்துப் போட்டாள். மணி அடித்தது. பூட்டிய லாக்கருக்குள் அடிக்கிறது என்று தெரிந்தும் அடித்து ஓயும் வரை கேட்டுக்கொண்டிருந்தாள். சிக்னல் அண்ணனுக்குப் போட்டாள், இணைப்பே கிடைக்கவில்லை. இந்த வெயிலில் மேலேயே மயங்கி விழுந்திருப்பானோ? நெஞ்சு வலி வந்து விசைமேலேயே சாய்ந்து கிடப்பானோ? கீழே இருப்பவர்களுக்கு அவன் மேலே இருப்பதாவது தெரியுமா? மேகம் உறுமியது. பெரியவள் எழுந்து வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டாள்.

“ஏம்மா இன்னைக்கு அது தட்டாமாலை சுத்தலை?”

 குழந்தைகளைக் கீழ்வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு ஓட வேண்டியதுதான் என்று சின்னவனைத் தூக்கினாள். அப்போதுதான் கதவு இடிபட்டது. தட்டவில்லை, உடைக்கிற மாதிரி இடித்தார்கள். திறந்தாள்.

அவன் நின்றான். தலையெல்லாம் புழுதி. வாயோரம் நுரை காய்ந்திருந்தது. இடுப்பிலிருந்த பாதுகாப்புப் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல், அதன் வார் தரையில் இழுபட வந்திருந்தான்.

“சின்னவனுக்கு என்னாச்சு?”

பிள்ளையைப் பிடுங்காத குறையாக வாங்கினான். கண்ணை இழுத்துப் பார்த்தான், வாயைத் திறந்து பார்த்தான். சின்னவன் தூக்கம் கலைந்த கோபத்தில் அப்பனின் மூக்கைப் பிடித்துக் கிள்ளினான்.  அவன் வாசலிலேயே பொத்தென்று உட்கார்ந்து, குழந்தையின் வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. அவன் கீழே இருக்கிறான், வீட்டில் இருக்கிறான், முழுசாக இருக்கிறான். வேறெதுவும் அந்த நேரத்தில் அவள் தலையில் ஏறவில்லை. பிறகுதான் அவன் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். ஈரம் சொட்டச் சொட்டச் சிவப்புப் போர்வை தரையில் கிடந்தது.

அவள் திக்கித் திக்கிச் சொன்னாள். சூட்டுக்குக் கட்டினேன், நீங்கள் இந்நேரம் கீழே படுத்திருப்பீர்கள் என்றுதான் கட்டினேன். கீழே கொட்டகையில்தானே சாப்பிடுவதாகச் சொன்னீர்கள்?

அவன் தலையைத் தூக்கவில்லை. “கேபின்ல ஏசி இருக்கு” என்றான்.

ஒரு மாதமாக மத்தியானம் அவன் இறங்குவதே இல்லை. ஏணி முழுக்க இறங்கி ஏறுவது ஒரு பாடு. அது போகட்டும், மேலே சில்லென்று இருக்கிறது. பிள்ளைகள் இங்கே வெந்துகொண்டிருக்கும்போது தான் அங்கே குளுகுளுவென்று சாப்பிடுவதைச் சொல்ல வாய் வராமல், கொட்டகை என்று கதை விட்டிருக்கிறான். வேறொரு நாளாக இருந்தால் இந்த ஒரு விஷயத்தை வைத்தே ஒரு வருஷத்துக்கு அவனை வறுத்தெடுத்திருப்பாள். இன்று அங்கேயே சாப்பிட்டுக் கண் அசந்து எழுந்தவன், சிவப்பைப் பார்த்ததும் கை கால் ஓடாமல், எல்லாவற்றையும் போட்டது போட்டபடி இறங்கியிருக்கிறான்.

காற்று வீட்டையே ஒரு உலுக்கு உலுக்கியது. மின்சாரம் போயிற்று. அவள் பால்கனிப் பக்கம் கையைக் காட்டினாள். பிரேக் எடுக்கவில்லையே என்றாள்.

அவன் எழுந்தான். அங்கே போய்ப் பார்க்கக்கூட இல்லை. குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டு, இழுபட்ட வாரை எடுத்து இடுப்பில் சுற்றினான். இன்னொரு ஆபரேட்டர் விடுமுறையில் இருந்தான். அந்த ஏணியில் ஏறி, கையால் அந்தப் பிரேக்கை எடுத்துவிடத் தெரிந்தவர்கள் வேறு யாரும் அங்கே இல்லை. அவன் எதற்குப் புறப்படுகிறான் என்று அவன் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்தது. பாய்ந்து போய்க் கதவை முதுகால் அடைத்தாள்.

“நகரு” என்றான்.

“இந்தக் காத்துல ஏணியில ஏறுவீங்களா? இடி இடிக்குது.”

“கொட்டகை எல்லாம் அது அடியிலதான் இருக்கு. எல்லாரும் உள்ள படுத்திருக்காங்க.”

“விழட்டும்” என்றாள்.

அந்தச் சொல் தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. ஆனால் அவள் நிறுத்தவில்லை. விழுந்தால் விழட்டும், யார் எப்படிப் போனால் எனக்கென்ன, நீங்கள் போகக் கூடாது என்று சொல்லிக்கொண்டே போனாள். ஒரு கையில் குழந்தை. இன்னொரு கை அவன் பெல்ட்டின் வாரைச் சுற்றிப் பிடித்திருந்தது. கொட்டகையில் தன் மகளின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு தூங்கும் பெண்ணின் முகம் அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

 அவள் கை விட்டதா, அவன் பிடுங்கினானா என்று பிறகு யோசித்துப் பார்த்தும் அவளுக்கு நினைவு வரவில்லை. படிக்கட்டில் இறங்கும்போது அவன் குரல் மட்டும் கேட்டது.

“அண்ணனுக்குப் போன் போட்டுக்கிட்டே இரு. கிடைச்சா எல்லாரையும் வெளிய ஓடச் சொல்லு.”

போட்டுக்கொண்டே இருந்தாள். கிடைக்கவில்லை. பால்கனிக் கதவை ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்து, குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நின்றாள். புழுதி கண்ணை அறுத்தது. நீளக் கை ஒவ்வொரு வீச்சுக்கும் முறுக்கிக்கொண்டு முறுக்கிக்கொண்டு அப்படியே நின்றது. இரும்பு கிறீச்சிடும் சத்தம் நாலு தெரு தாண்டிக் கேட்டது, அல்லது கேட்டதாக அவளுக்குத் தோன்றியது. ஏணி இருக்கும் பகுதியைப் பாதிக் கட்டடம் மறைத்திருந்தது. அவன் ஏறுகிறானா, இன்னும் தெருவில் ஓடுகிறானா என்று தெரியவில்லை. மின்னல் அடிக்கும்போதெல்லாம் கண்ணை மூடினாள். மூடியதற்குப் பயந்து உடனே திறந்தாள். தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டாள். கூப்பிடும்போதே, கொஞ்ச நேரத்துக்கு முன் தான் சொன்ன சொல்லையும் அவர்கள் கேட்டிருப்பார்களே என்று பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

க்ரேன் மொத்தமாக ஒரு பக்கம் சாய்வது போலிருந்தது. பெரியவளைக் கூப்பிட்டுத் தன்னோடு அணைத்து, அவள் முகத்தைத் தன் துணிக்குள் புதைத்துக்கொண்டாள்.

பிறகு அந்தக் கை அசைந்தது. ஒரு நொடி தயங்கிற்று. அப்புறம் காற்று அதைப் பிடித்து வீசிற்று. பாதி வட்டம் போய், திரும்பி வந்து, மறுபடி போயிற்று. பெரியவள் துணியை விலக்கி எட்டிப் பார்த்தாள்.

“தட்டாமாலை! அப்பா இறங்கிட்டாரு!”

 இந்த வெயில் காலம் முழுக்க அது சுற்றினால் அவன் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். இன்றைக்கு மட்டும் அது சுற்றினால் அவன் மேலே இருக்கிறான் என்று அர்த்தம். அந்தக் கண்ணாடிக் கேபினுக்குள், அதோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கிறான். மகள் கைதட்டினாள். தட்டாதே என்று சொல்ல அவளால் முடியவில்லை. மழை வந்தது. ஒரே வெள்ளையாக இறங்கி க்ரேனை அடியோடு மறைத்துவிட்டது. அதன்பிறகு பார்க்க எதுவும் இல்லை. நனைந்துகொண்டே அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மழை விட்டு வெளிச்சம் திரும்பி வந்து வெகுநேரம் கழித்து அவன் வந்தான். அவள் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள நினைத்திருந்தாள், முதலில் அவன் கைகளைத்தான் பிடித்துப் பார்த்தாள். அவன் உள்ளங்கைகள் தோலுரிந்து கிடந்தன. வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துணி சுற்றிவிட்டாள். பெரியவள் தட்டாமாலை எப்படிச் சுற்றியது என்று அவனுக்கே கையை விரித்துச் சுற்றிக் காட்டினாள். அவன் நன்றாக இருந்ததென்று பாராட்டினான். ஆனால் தண்ணீர்த் தம்ளரைப் பிடிக்க அவனால் முடியவில்லை. அவள்தான் வாயில் வைத்துக் கொடுத்தாள்.

ஒரு கொட்டகையின் கூரை மட்டும் பறந்ததாம். யாருக்கும் ஒன்றுமில்லை. கீழே இறங்கியதும் என்ஜினியர் முதுகில் தட்டிக் கொடுத்தாராம். சரியான நேரத்தில் ஏறினாய் என்று எல்லோரும் சொன்னார்களாம். எதற்காக இறங்கிப் போனான் என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

“அண்ணனோட சம்சாரம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல” என்றான். “பாப்பாவைத் தூக்கிட்டு வந்து, மாமா காலைத் தொட்டுக் கும்பிடுன்னு சொன்னாங்க.”

 நான் பேசினதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள், பயத்தில் என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றாள். சொல்லும்போதே அது பொய் என்று அவளுக்குத் தெரிந்தது. என்ன சொல்கிறோம் என்று நன்றாகத் தெரிந்துதான் சொன்னாள்.

அவன் துணி சுற்றிய கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்னவன் தவழ்ந்து வந்து அவன் காலைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்தான்.

“மருந்துக்கடை முனையிலேயே நான் திரும்பிப் பார்த்தேன்” என்றான் அவன். “காத்து ஆரம்பிச்சிடுச்சு. அது சுத்தாம நின்னுக்கிட்டு இருந்துச்சு. பிரேக் எடுக்கலைன்னு அப்பவே தெரிஞ்சிடுச்சு.”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. மருந்துக்கடை முனையிலிருந்து வீட்டுக்கு எவ்வளவு தூரமோ, க்ரேனுக்கும் அவ்வளவு தூரம்தான். கொட்டகையிலிருந்தவர்களை ஓடிப்போய் எழுப்பவாவது அங்கேயிருந்து நேரம் இருந்திருக்கும்.

“தெரிஞ்சுமா இங்க வந்தீங்க?”

“தெரிஞ்சுதான் வந்தேன்.” சின்னவன் சறுக்கி விழப்போனான். அவன் முழங்கையால் தாங்கிக்கொண்டான். “இவனுக்கு மட்டும் நெசமாவே அப்படி வந்திருந்தா, நான் திரும்பிப் போயிருக்கவே மாட்டேன். இவனைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடியிருப்பேன். அங்க படுத்திருந்தவங்க...”

 புயல் அடித்தபோதுகூட இப்படி ஒரு பயம் அவளுக்கு வரவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவன் அதே ஆள்தான். ஏசிக்கு ஆசைப்பட்டுக் கதைவிட்டவன், பிள்ளைக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவன். தானும் காலையில் இருந்த அதே ஆள்தான். எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். திரும்பி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க” என்றாள்.

அவன் சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினான்.